உள்ளுக்குப் போட்ட கொண்டி

எங்கள் கடையில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் இருந்த காலத்தில் தோட்டத்தில் வைத்து, உள்ளே சூட்டில் வியர்க்க உட்காருகிற இந்த மரச் சவுனா விற்கிற இடத்தில் தமிழன் என்றால் நான் ஒருவன்தான். கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கூட்டித் துடைக்க வந்தவன் என்று நினைத்து, வேறு ஆள் இல்லையா என்று கேட்பார்கள். நான்தான் ஆள் என்று சொல்வேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த அறைக்கு எவ்வளவு அடுப்பு, எவ்வளவு கல் என்பதெல்லாம் கடைக் கொப்பியில் இருக்கிறது, பார்த்துக்கொள்வீர்கள். கொப்பியில் இல்லாத ஒன்றை எழுதவே உட்கார்ந்தேன். அது நான் செய்த பிழை. முருகன் அறிய, மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வேலை பழக்கியவரைப் பற்றி. நோர்வேக்காரர், அதிகம் கதைக்கமாட்டார். சவுனாவைப் பொருத்தி முடிந்ததும் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. அடுப்பு இருக்கிற சூட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். இரண்டு கையையும் மார்பில் கட்டுவார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்பக்கம் சாய்வார். கதவு திறந்து அவர் வெளியே தடுமாறி விழவேண்டும். விழுந்தால்தான் வேலை முடிந்தது. உள்ளே மயங்குகிறவனுக்குக் கையும் இல்லை, புத்தியும் இல்லை, உடம்பின் பாரம் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பாரமே கதவைத் திறக்கவேண்டும் என்பார். ஆகவே சூட்டறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதற்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கொண்டி இல்லை. கதவைச் சாத்தி வைக்க, தள்ளினால் விட்டுக்கொடுக்கிற ஒரு சின்ன உருளை மட்டும். நான் பொருத்திய ஒவ்வொரு கதவிலும் அப்படிச் சாய்ந்து பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு கதவைத் தவிர.

இனி என் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் விற்பனைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சவுனா இருந்தது. பெரிதல்ல. நான்கு பேர் இருக்கலாம். அதனோடு சேர்ந்தாற்போல உடுப்பு மாற்றும் அறை. அதில் உட்கார ஒரு வாங்கு, சப்பாத்துக் கழற்ற இடம், உடுப்பு மாட்ட ஆணி, கிழக்குப் பார்த்த சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்கு மேலே ஒரு தட்டு. நோர்வேக்காரர் அதில் விளக்கு வைப்பார்கள். நான் பிள்ளையார் படம் வைத்துப் பார்த்தேன், மனதுக்குள்தான். நாங்கள் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் அடுக்குமாடியில் நாலாம் மாடியில் இருந்தோம். சவுனா வைக்க ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். இரண்டு வருடம். என் மனைவி மனோவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். "ஒரு வளவு கிடைச்சால் முதல் வேலை இதுதான்" என்பேன். அவள் சிரிப்பாள்.

மனோவின் தங்கை வசந்தி. வசந்தியின் புருஷன் ரகு, என் சகலன். நானும் அவனும் முதலில் வந்து விழுந்தது வடக்கே ஹம்மர்பெஸ்டில். ஒரே மீன் தொழிற்சாலை, ஒரே அறை, ஒரே சட்டி. அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, நான்தான் வடிப்பேன். பிறகு இரண்டு பேரும் ஒஸ்லோவுக்கு வந்தோம். அவன் மாலையில் படித்தான், நான் படிக்கவில்லை. அவன் கை நிறைய உழைத்தான், நான் அளவாய் உழைத்தேன். ஸ்டோவ்னர் பக்கம் வளவோடு வீடு வாங்கினான். பால் காய்ச்சப் போனோம். வீட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வளவைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ கருகியது. பின்பக்கம், தென்கிழக்கு மூலையில், மட்டமான ஒரு துண்டு நிலம். அடுப்புக்கு ஏற்ற அக்கினி மூலை. வேறு ஒருவர் கண்ணிலும் அது பட்டிராது. எனக்குத் தொழில் அதுதானே, பட்டுவிட்டது.

அடுத்த மாரிக் குளிருக்கு முன் ஒரு நாள் ரகுவும் வசந்தியும் கடைக்கு வந்தார்கள். சவுனா வேண்டுமாம். நான் நல்ல முகத்தோடுதான் புத்தகத்தை எடுத்து வைத்தேன். ரகு பக்கங்களைத் தட்டவே இல்லை. நேராகத் திறந்து விரலை வைத்தான்.

"இது, அண்ணை."

என் பக்கம்.

"உதைவிட மற்றதுகளும் இருக்கு. பார்த்திட்டு எடுக்கலாம்" என்றேன்.

"பார்க்கத் தேவையில்லை. உடுப்பு மாத்த அறை இருக்குத்தானே?"

"இருக்கு."

"இந்தச் சூட்டறைக் கதவு கண்ணாடி போலக் கிடக்கு. எங்களுக்குக் கண்ணாடி சரிவராது. பலகைக் கதவு போடுங்கோ."

"அத்தான், இரண்டு கதவுக்கும் உள்ளுக்குக் கொண்டி வேணும்" என்றாள் வசந்தி. "பொம்பிளையள் இருக்கேக்கை ஆரும் டக்கெண்டு திறந்தால் மானம் போயிடும்."

இந்த இடத்தில் நிற்கிறேன், பிள்ளைகளே. நோர்வேக்காரர் வந்தால் அடுப்பைக் கேட்பார்கள். எங்கள் சனம் வந்தால் கதவைக் கேட்கும். அதில் குற்றமில்லை, எங்கள் பழக்கம் அது. அதற்குத்தான் உடுப்பு மாற்றும் அறையே இருக்கிறது. வெளிக்கதவுக்குக் கொண்டி போடலாம், அந்த அறை மானத்தைக் காக்கும். சூட்டறைக்கு ஒன்றும் போடக்கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவே வாயைத் திறந்தேன்.

அப்போது ரகு, பக்கத்தில் நின்ற எங்கள் கடை முதலாளிக்கும் விளங்கட்டும் என்று நோர்வே மொழியில் ஒரு தரமும், எனக்குத் தமிழில் ஒரு தரமும் சொல்லிச் சிரித்தான்.

"அண்ணை இவ்வளவு காலமாய் உதுகளை விக்கிறார். ஒருநாளாவது உள்ளுக்கை இருந்து பாத்தவரோ தெரியேல்லை!"

முதலாளியும் சிரித்தார். பகிடிதான். ரகுவின் வாய் எப்போதும் அப்படி. ஆனால் அது உண்மை. நான் பொருத்துவேன், சாய்ந்து பார்ப்பேன், வந்துவிடுவேன். ஒரு நாளும் உள்ளே சூட்டில் இருந்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"கொண்டிதானே? போட்டால் போச்சு" என்றேன்.

கொண்டி போடக் கடை சம்மதிக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் கடை ஆட்கள் வந்து சவுனாவைப் பொருத்திவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தனியாகப் போய்ப் போட்டேன். நல்ல இரும்புக் கொண்டி. நான்கு திருகாணி. அவனுக்கு ஏதும் நடக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, பிள்ளையார் மேல் ஆணை. இரும்பு சூடேறி ஒரு நாள் விரல் சுடும், "அண்ணை, உது சரியில்லைப் போல" என்று எனக்குப் போன் எடுப்பான், அப்போது சொல்லிக்காட்டலாம் என்று நினைத்தேன். அவ்வளவு சின்னப் புத்தி. அன்று நான் கதவில் சாய்ந்து பார்க்கவில்லை. கொண்டி போட்ட கதவில் சாய்ந்தால் என்ன வரும் என்று முதுகுக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் அடுப்பு மூட்டுகிற நாள். வசந்தி குளித்து, விபூதி பூசி, புதுச் சட்டியில் பாலோடு வந்தாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், புது அடுப்புக்கும் காய்ச்சத்தானே வேண்டும் என்பது அவள் கணக்கு. சவுனா அடுப்பில் தட்டையான இடமில்லை, மேலே முழுக்கக் கல், சூடேறியதும் தண்ணீர் தெளித்து ஆவி எழுப்ப. கல்லின் மேலேயே சட்டியை வைத்தாள்.

பால் பொங்க வேண்டும். பொங்கினால் எங்கே போகும்? கல்லுக்குள். அதுவும் எனக்குத் தெரியும். கைகட்டி நின்றேன்.

பொங்கியது. "அரோகரா!" என்றார்கள். அடுத்த நிமிடம் கருகிய பால் நாற்றம் மூக்கை அரித்தது. ரகுவின் மகள் அபி, பதினான்கு வயது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "மணம் போகவேணும்" என்று ரகு ஒரு வாளி தண்ணீரைக் கல்லில் ஊற்றினான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அறை முழுக்க ஆவி. சுவர்ப் பலகையில் தண்ணீர் வடிந்தது. கதவுப் பலகை ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. என் சகலன் தன் புதுச் சவுனாவுக்குள் ஓடியாடித் திரிவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். மனதுக்குள் ஒரு குரல், இப்போதாவது சொல்லு என்றது. அவனே எல்லாம் தெரிந்தவன், அவனே பார்க்கட்டும் என்றது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் தொண்டை பெரிது.

சாப்பிட்டு, ஆறி, பின்னேரம் வசந்தி சொன்னாள்: "முதல் அக்காதான் இருக்கவேணும். வாங்கோ அக்கா." மனோ என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பினேன். புத்தகத்தில் என் பக்கத்தில் இருந்த அந்த வாங்கில் என் மனைவி முதல் முதலாக உட்காரப் போகிறாள், ஆனால் இன்னொருவன் வளவில். அபியை உடுப்பு மாற்றும் அறையில் காவலுக்கு இருத்திவிட்டு இரண்டு பேரும் சூட்டறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டார்கள். காவலும் இருக்கிறது, கொண்டியும் இருக்கிறது. அப்படித்தான் எங்கள் பெண்கள்.

ரகுவும் நானும் வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்தோம். அவன் சவுனாவைப் பற்றியே கதைத்தான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஊசி. அப்போதுதான் அபி வெறுங்காலோடு பனியில் ஓடிவந்தாள்.

"பெரியப்பா! கதவு திறபடுதில்லை! அம்மா உள்ளுக்கை அழுறா!"

ஓடினோம். சூட்டறைக் கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம். வசந்தி கத்தினாள்: "கொண்டி இறுகிப்போச்சு! தொட ஏலாது, சுடுது!"

ரகு வெளிப்பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். கதவு அசையவில்லை. விட்டுவிட்டு விறகுக் கோடாலியைத் தூக்கினான்.

"ரகு, கோடாலியை வையும்! அதுகள் கதவுக்குப் பக்கத்திலைதான் நிக்குதுகள்!"

"அப்ப என்ன செய்யிறது? சொல்லுங்கோவன்!"

 எனக்கு வேலை பழக்கிய நோர்வேக்காரரின் முதுகு நினைவுக்கு வந்தது. பாரம். கதவின் பாரம் எங்கே விழுகிறது? பலகை ஊதியிருக்கிறது. நாங்கள் வெளியே இழுக்க இழுக்க, கொண்டி நிலையில் இருக்கிற தன் கொளுவியில் இன்னும் இறுகுகிறது. உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கம் தள்ளத் தள்ள அதுவும் அதே. எல்லோருமாகச் சேர்ந்து அதைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

"மனோ, கேக்குதோ?"

"ஓம்." குரல் மெலிந்திருந்தது. அவளுக்குப் பிரஷர் இருந்தது.

"கதவைத் தள்ளாதையுங்கோ. இரண்டு பேரும் நிலத்திலை இருங்கோ, கீழைதான் சூடு குறைவு. வாளியிலை கிடக்கிற தண்ணியைத் தலையிலை ஊத்துங்கோ. கல்லிலை ஒரு சொட்டும் விழப்படாது."

"அத்தான், கதவைத் திறந்தால் உடனை உள்ளுக்கை பார்க்காதையுங்கோ, துவாயோடைதான் நிக்கிறம்!" என்றாள் வசந்தி அழுகைக்கு நடுவில்.

"நான் கண்ணை மூடிறன். மரக் கரண்டி கிடக்குத்தானே, தண்ணி அள்ளுறது? மனோ, அதின்ரை காம்பாலை கொண்டியின்ரை குமிழைப் பக்கவாட்டிலை தட்டும். நான் சொல்லேக்கை மட்டும்."

ரகுவின் தோளைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்தினேன். "இழுக்காதையும். என்னோடை சேர்ந்து உள்ளுக்குத் தள்ளும்."

"உள்ளுக்கோ? கதவு வெளியிலை எல்லோ திறக்கிறது?"

"தள்ளுமப்பா!"

இரண்டு பேரும் தோளைக் கொடுத்தோம். ஹம்மர்பெஸ்டில் மீன் பெட்டி தள்ளியதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து தள்ளியது அன்றுதான். கதவு ஒரு நூல் அளவு உள்ளே போனது.

"இப்ப தட்டு!"

ஒரு தட்டு. இரண்டு. மூன்றாவது தட்டில் கரண்டிக் காம்பு முறிகிற சத்தம் கேட்டது. "முருகா" என்று மனோ சொன்னதும் கேட்டது. பிறகு இரும்பு இரும்பில் உராய்ந்தது. வெறுங்கையால் இழுத்திருக்கிறாள். நாங்கள் விலகினோம், கதவு திறந்தது, ஆவியோடு இரண்டு பேரும் எங்கள் காலடியில் வந்து விழுந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை.

பிள்ளையார் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை. மனோவின் வலது கை விரல்கள் மூன்று கொப்பளித்திருந்தன. அபி பனியை அள்ளிக்கொண்டு வந்தாள், வேண்டாம் என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரில் பிடித்தோம். எல்லோரும் மூச்சு விடத் தொடங்கிய பிறகு ரகு சொன்னான்: "உங்கடை கொம்பனிக்கு எழுதவேணும். என்ன கதவு உது?"

அங்கே நான் தலையாட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மனோ இன்னும் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பனிக் கதவிலை கொண்டி இல்லை, ரகு. சூட்டறைக்குக் கொண்டி போடப்படாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டனான்."

"தெரிஞ்சோ?"

"ஓம்."

"ஏன்?"

"எரிச்சல். உது நான் பார்த்து வைச்சிருந்தது. இரண்டு வருசமாய்."

 அவன் மெல்லச் சொன்னான்.

"அது எனக்குத் தெரியும் அண்ணை. மனோ அக்கா வசந்திக்குச் சொன்னவ. இதிலையே வேலை செய்யிற மனிசன் தனக்கெண்டு தெரிஞ்செடுத்து வைச்சது எண்டால், அதைவிடத் திறமானது இராது எண்டுதான் வேறை ஒண்டையும் பார்க்காமல் எடுத்தனான். கொண்டியும் அப்படித்தான். கூடாதெண்டால் நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சனான்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். அவன் ஏசியிருக்கலாம். அடித்திருக்கலாம். அதெல்லாம் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.

நான் திருகாணி நான்கையும் கழற்றிக் கொண்டியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அது இன்னும் சுட்டது. சுரங்க ரயிலில் மோர்டென்ஸ்ருட்டுக்கு வந்தோம். இறங்கும்போது மனோ சொன்னாள்: "நான் உங்களைப் பெருமையாய்த்தான் சொன்னனான், என்ரை மனிசன் தெரிஞ்செடுத்தது எண்டு." அவ்வளவுதான். அவள் விரல் ஆறுகிறவரை வீட்டில் சாமி விளக்கு நான்தான் ஏற்றினேன். திரி திரிக்க எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் திரித்தேன்.

ரகு நெடுநாள் கதைக்கவில்லை. கோவிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் வீதி சுற்றுவான். பனி கரைந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"அண்ணை, நாளைக்கு வாறியளோ? வசந்தி உள்ளுக்கை போகப் பயப்பிடுறாள். நீங்கள் கதவை ஒருக்கால் பார்த்துச் சொன்னால்தான் போவாளாம்."

என்னைத்தான். வேறு ஆளை அல்ல. நம்பிக்கெட்டவர்கள் திரும்பவும் என்னிடம்தான் கேட்டார்கள். போனை வைத்துவிட்டுச் சாமியறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

போனேன். ஊதிய பலகையைச் சீவி, கீல்களைச் சரிசெய்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கைகளைக் கட்டி, வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பின்பக்கம் சாய்ந்தேன். உடுப்பு மாற்றும் அறையில் ரகுவின் காலடியில் மல்லாக்க விழுந்தேன். அபி சிரித்தாள். ரகு கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"சரி. இனி வாங்கோ, உள்ளுக்கை ஒருக்கால் இருந்து பாப்பம்" என்றான்.

அன்றுதான் முதல் முறை சூட்டில் இருந்தேன். கல்லில் இன்னும் லேசாய்ப் பால் மணம். கதவில் நான்கு ஓட்டை. அடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றான் ரகு.

அந்தக் கொண்டியைக் கடை மேசையின் கீழ் இழுப்பறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உள்கதவுக்குப் பூட்டு கேட்டு யாரும் வந்தால் அதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துக் கதையைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை. பிறகு கண்காட்சிச் சவுனாவுக்குள் போய், கைகட்டிச் சாய்ந்து காட்டுங்கள். வெட்கமாய்த்தான் இருக்கும். விழுங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இப்போதும் மாதம் ஒருமுறை ரகு கூப்பிடுவான், போவேன். உடுப்பு மாற்றும் அறையில் கிழக்கு ஜன்னலுக்கு மேலே அந்தத் தட்டு இருக்கிறது. அதில் அவர்கள் பிள்ளையார் படம் வைத்திருக்கிறார்கள். நான் நினைத்த அதே இடம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கருகும். கும்பிட்டுவிட்டு உள்ளே போவேன். கதவைச் சாத்துவேன். சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.